பிரிட்ஜ் கதவில் ஒரு மலைத்தொடர்

1

மொன்றியலில் ஜூலை முதலாம் திகதி வந்தால் ஊரே வீடு மாறும். நாட்டின் பிறந்தநாள் என்று மற்ற நகரங்களில் கொடி பிடிப்பார்கள். இங்கே கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு படி இறங்குவார்கள். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அன்றோடு புதுப்பிக்கப்படுவதால், நகரத்தில் பாதிப் பேர் மற்றப் பாதிப் பேரின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். நாங்களும் செயின்ட்-மிஷேலில் மாடி விட்டு மாடி மாறி, சோபாவைப் படிக்கட்டு வளைவில் சிக்கவைத்து, அக்கம்பக்கத்தாரிடம் பேச்சு வாங்கி, கடைசியில் பியர்பொன்ட்ஸில் சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கி உட்கார்ந்தோம். அன்றிலிருந்து ஜூலை முதலாம் திகதி எங்களுக்கு ஒரு திருவிழா. முற்றத்தில் நாற்காலி போட்டு, தேநீர் குடித்தபடி, இன்றைக்கு யாருடைய சோபா எங்கே சிக்கியிருக்குமோ என்று பேசிக்கொண்டிருப்போம்.

இந்த வருடம் அந்த நாற்காலியில் சந்தோஷமாக உட்கார முடியவில்லை. அன்றைக்கு வீடு மாறியவள் எங்கள் மகள் அபி. முதுகில் ஒரு பை, காலில் மலையேறும் சப்பாத்து. நாட்டின் மேற்கு அந்தத்தில் உள்ள மலைகளில் கல் ஆராயும் கம்பனி ஒன்றில் கோடைகால வேலை. "ரெண்டு மாசம்தான் அம்மா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாள்.

"கனடாவுக்குள்ளதானே அக்கா, ஏன் அழுறீங்கள்?" என்று ஊரிலிருந்து என் தங்கை வட்ஸ்அப்பில் கேட்டாள். இந்த நாட்டுக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பறக்கிற நேரத்துக்குக் கொழும்பிலிருந்து பறந்தால் எத்தனை நாடுகளைத் தாண்டியிருக்கலாம் என்று அவளுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். "அப்ப ஏன் அவ்வளவு பெரிய நாட்டுக்குப் போனனீங்கள்?" என்று கேட்டாள்.

2

என் வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

லவாலில், பழைய தாள்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். தாள் என்றால் வீட்டுத் திட்டம், கப்பல் படம், எது வந்தாலும்தான். ஆனால் சில வருடங்களாக எங்களுக்கு வந்துகொண்டிருப்பவை மேற்கு மலைகளின் பழைய இடவிளக்கப் படங்கள். மாடு மேய்ப்பவர்களையும் சுரங்கம் தோண்டுபவர்களையும் தவிர வேறு யாரும் எட்டிப் பார்க்காத மலைகள். பெட்டி பெட்டியாக வருகின்றன.

இடவிளக்கப் படம் என்றதும் என் வயதுக்காரருக்குப் பள்ளிக்கூடப் புவியியல் பாடம் ஞாபகம் வரும். மண்ணிறச் சமவுயரக் கோடுகளைக் காட்டி, இது மலை, இது பள்ளத்தாக்கு, இது இரண்டு மலைக்கு நடுவே தாழ்கிற சேணம் என்று ரீச்சர் படிப்பிப்பார். யாழ்ப்பாணத்தில் கோயில் கோபுரத்துக்கு மேலே உயரமான எதையும் நாங்கள் பார்த்ததில்லை. ரீச்சரும் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நான் அந்தப் பாடத்தில் கெட்டிக்காரி. துருவிய தேங்காய்ப்பூவைக் குவித்து வைத்ததுபோல ஒவ்வொரு மலையும் என் மனதில் எழுந்து நிற்கும். அந்தக் கெட்டித்தனம் முப்பது வருடங்களுக்குப் பிறகு லவாலில் சோறு போடும் என்று ரீச்சரே நம்பியிருக்க மாட்டார்.

இந்தப் படங்களில் சின்னக் கறுப்புச் சதுரம் என்றால் வீடு. அதன் தலையில் சிலுவை இருந்தால் தேவாலயம், கொடி இருந்தால் பள்ளிக்கூடம். இரண்டு பிக்காசு குறுக்கே கிடந்தால் சுரங்கம். எனக்குப் பிடித்தது மாட்டுப் பண்ணைகள். பத்து மைலுக்கு ஒரு வீடு. அந்த வீட்டுக்கு உரியவருடைய பெயரையே ஊர்ப் பெயர்போலப் படத்தில் எழுதிவிடுவார்கள். ஒரு மனிதர் அங்கே மாட்டோடு இருக்கிறார் என்பதே அரசாங்கத்துக்குச் செய்தி. செயின்ட்-மிஷேலில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்தவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஒருமுறை ஒரு தாளில், ஹாப்வுட் பண்ணை என்று அச்சிட்ட சதுரத்துக்குப் பக்கத்தில், யாரோ ஒரு நில அளவையாளர் ஆங்கிலத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "நல்ல கோப்பி. கெட்ட நாய்." நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் மேலாளர் ஜோசே மூக்குக் கண்ணாடியை இறக்கி அதைப் படித்துவிட்டு, அதையும் சேர்த்து ஸ்கேன் செய் என்றாள். ஜோசே நல்லவள். அவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் பொல்லாத கோபம் வரும்: படத்தின் ஓரத்தை யாராவது வெட்டிவிட்டால். ஆண்டு, அளவுத்திட்டம், குறியீட்டு விளக்கம் எல்லாம் அந்த வெள்ளை ஓரத்தில்தான் இருக்கும். "ஓரம் இல்லாத படம் பொய் சொல்லும்" என்று பிரெஞ்சில் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லுவாள்.

கல்லூரி விடுமுறைகளில் அபி என்னோடு அங்கே வருவாள். கோடு நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமதரை என்று நான்தான் அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். அவள் அந்தக் கோடுகளோடேயே போய்விட்டாள். பல்கலைக்கழகத்தில் மண்ணும் கல்லும் படிக்கப் போகிறேன் என்றாள். கடைசியில் அந்தத் தாளில் இருந்த மலைக்கே போய்விட்டாள்.

"நீர்தான் மப்பைக் காட்டிப் பிள்ளையைக் கெடுத்தனீர்" என்று இவர் சொல்கிறார். இவர் என்றால் அபியின் அப்பா. இல்லையென்று நானும் சாதிக்கவில்லை.

3

இவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். வருடத்தில் பத்து மாதம் மற்றவர்களுடைய பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு, கோடை விடுமுறையில் வேலையில்லாமல் வீட்டில் இருப்பார். வழக்கமாக அந்த நேரத்தில் தக்காளிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றி, என் சமையலில் குறை கண்டுபிடித்துப் பொழுதைக் கழிப்பார். இந்தக் கோடையில் தக்காளி வாடிவிட்டது. காரணம், நான் செய்த ஒரு நல்ல காரியம்.

அபி இருக்கும் மலைப்பகுதிக்கான தாள் எங்கள் பெட்டிகளில் இருந்தது. நாய் கடிக்கும் அதே தாள்தான். பரிசோதனைக்காக அச்சிட்ட ஒரு பிரதியை ஜோசேயிடம் கேட்டு வாங்கிவந்து இவருக்குக் கொடுத்தேன். பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று விரல் வைத்துப் பார்த்தால் மனம் ஆறும் என்று நினைத்தேன். மறுநாள் வேலைக்குப் போகும் அவசரத்தில் பார்த்தால், பிரிட்ஜ் கதவில் குப்பை எடுக்கும் நாட்காட்டிக்குப் பக்கத்தில் படம் ஒட்டியிருந்தது. அளவெடுத்ததுபோல இருந்தது. அளவெடுத்துத்தான் ஒட்டியிருந்தார். நாலு பக்கமும் வெள்ளை ஓரத்தைக் கத்தரித்துவிட்டார்.

"சும்மா எழுத்துத்தானே கிடந்தது. கதவு மூடேக்க மடங்குது" என்றார்.

ஜோசே பார்த்தால் மயங்கி விழுந்திருப்பாள். எனக்கு பஸ் வரும் நேரம். சிரித்துவிட்டு ஓடிவிட்டேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சும்மா பிரிட்ஜ் திறக்க முடியாது. பால் எடுக்கப் போனால் மலை ஏறி இறங்க வேண்டும். "அபியின்ர முகாம் இந்த ஆத்துக்குப் பக்கத்தில. இஞ்ச பாரும், கிட்டவே டாலிமன் எண்டு ஒரு டவுன் இருக்கு. பள்ளிக்கூடம் இருக்கு, சேர்ச் இருக்கு, போஸ்ட் ஒஃபிஸ் இருக்கு. எனக்கு இப்பதான் நிம்மதி" என்றார் ஒரு நாள்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். பிள்ளை எங்கே போனாலும் அந்த ஊரில் பொறுப்பான ஓர் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஊர்க்காரர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு பாதிரியார், ஒரு தபால் அதிபர், ஒரு பள்ளி அதிபர். யாழ்ப்பாணத்தில் இம்மூவரும் இருக்கிற ஊரில் பிள்ளை கெட்டுப்போகாது. இவர் அந்தப் படத்தில் மூவரையும் கண்டுபிடித்துவிட்டார். படம் பழையது என்று இவருக்குத் தெரியும் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வேலையே பழைய படம்தானே!

4

அபியின் முகாமில் போன் வேலை செய்யாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மேட்டில் ஏறி நின்று கூப்பிடுவாள். ஜூலை நடுவில் ஒரு ஞாயிறு, காற்று இரைச்சலுக்கு நடுவில் குண்டைப் போட்டாள்.

"அம்மா, என்னைக் குளிருக்கும் நிக்கச் சொல்லிக் கேக்கினம். ஒரு வருசம். நல்ல வேலை. இந்த மாசக் கடைசியில பதில் சொல்லோணும்."

இவர் போனைப் பறித்தார். "குளிருக்கோ? அங்க மாடே விறைக்கும் பிள்ளை!"

"மாட்டைக் கீழ இறக்கீடுவினம் அப்பா. நாங்களும் கீழதான் வருவம். பேந்து கதைக்கிறன், சலூ!" என்று பிரெஞ்சில் விடைபெற்றாள்.

போன் துண்டிக்கப்பட்டதும் இருவரும் பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு அழுகை வந்தது. ஒளிப்பானேன், வேலை நல்ல வேலை என்பதெல்லாம் எனக்கு விளங்கியது. ஆனால் ஒரு வருடம் என்பது எப்படி நீளும் என்று எங்களுக்குத் தெரியாதா? நாங்களும் இரண்டு வருடத்துக்கென்று சொல்லிவிட்டுத்தான் வந்தோம்.

அவள் ஏற்கெனவே விலகிக்கொண்டுதான் இருந்தாள். தமிழ் வகுப்புக்கு வயிற்றுவலி வரும். என்னோடு ஆங்கிலம், சிநேகிதிகளோடு பிரெஞ்சு, பாத்திரம் கழுவச் சொன்னால் காது கேட்காது. சின்ன வயதில் பக்கத்து வீட்டு மாமி கறி தந்த கோப்பையைத் திருப்பிக் கொடுக்க அனுப்பினால், அதற்குள் நான் போட்ட சீனியைப் பார்த்துவிட்டு, "அவை சீனி கேட்டவையே? ஏன் போடுறீங்கள்?" என்று வாசலில் நின்று வழக்காடுவாள். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று எத்தனை தரம் சொன்னாலும், "அது லாஜிக் இல்லை" என்பாள். பாதி வழியில் அந்தச் சீனியைத் தானே தின்றுவிட்டு வெறும் கோப்பையைக் கொடுத்துவிட்டு வருவாள்.

இவர் அழவில்லை. திட்டம் போட்டார். "வீட்டுச் சாப்பாட்டைக் கண்டாளெண்டால் வீட்டு நினைப்பு வரும். நினைப்பு வந்தால் திரும்பி வருவாள்" என்றார்.

மூன்று நாள் சமையலறை அவர் கையில். பருத்தித்துறை வடை, பயத்தம் பணியாரம், மாசிச் சம்பல், வறுத்து இடித்த மிளகாய்த்தூள் என்று ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறைந்தது. நான் வேலையில் இருக்கும்போது இவரே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார். தபால் நிலையம் இங்கே மருந்துக் கடைக்குள்ளே, சளி மருந்துக்கும் பற்பசைக்கும் பின்னால் இருக்கிறது. அன்று மாலை வந்து ஒரே குற்றச்சாட்டு.

"அங்க நிக்கிற பெட்டை போஸ்டல் கோட் கேக்கிறாள். டாலிமன் எண்டு ஒரு இடமே இல்லையாம். கவர்மெண்ட் கீறின மப்பில இருக்கு, கவர்மெண்டின்ர கொம்பியூட்டரில இல்லை! போனில பிரிட்ஜைப் படம் எடுத்து வைச்சிருந்தன், காட்டினன். பெட்டை சிரிக்கிறாள்."

"பிறகு?"

"அபி பஸ்ஸால இறங்கின டவுனின்ர கோடைப் போட்டாள். நான் மேல வடிவா எழுதினனான், போஸ்ட் மாஸ்டர், டாலிமன் எண்டு."

"ஏன் கம்பனி அட்ரசுக்கு அனுப்பேல்லை?"

"கம்பனிக்கு அனுப்பினா கம்பனிக்காரர் திண்டுபோடுவினம். போஸ்ட் மாஸ்டர் எண்டா பொறுப்பான ஆள்."

மறுநாள் வேலையில் அதே இடத்தின் புதிய தாளைத் தேடி எடுத்து, பழையதற்குப் பக்கத்தில் விரித்தேன். மலை அங்கேயேதான் இருந்தது. ஆறும் இருந்தது. டாலிமன் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை, தேவாலயம் இல்லை, தபால் நிலையம் இல்லை. சுரங்கம் மூடியதும் ஊரும் எழுந்து போய்விட்டது. பள்ளிக்கூடம் நின்ற இடத்தில் ஒரு சமவுயரக் கோடு எதுவும் நடக்காததுபோல வளைந்து போகிறது. இராணுவம் வளைத்து வைத்திருந்த காலத்தில் எங்கள் ஊரும் இப்படித்தான், பெயர் படத்தில் இருந்தது, ஆள் ஒருவரும் இல்லை. அந்த மலையூர்க்காரர் யாரென்றே தெரியாமல் அவர்களுக்காக நெஞ்சு கனத்தது. பிறகு மாசிச் சம்பலின் ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது.

மாலையில் மெதுவாகச் சொன்னேன். "இஞ்சருங்கோ, டாலிமன் இப்ப இல்லை. நான் பிறக்க முதலே ஆக்கள் எல்லாம் போயிட்டினம்."

"ஆர் சொன்னது?"

"நீங்கள் வெட்டி எறிஞ்ச ஓரத்தில ஆண்டு போட்டிருந்தது."

இவர் பிரிட்ஜுக்கு முன்னால் போனார். செத்த வீட்டில் நிற்பதுபோலக் கைகட்டி நின்றார். பிறகு கேட்டார்: "அப்ப என்ர பயத்தம் பணியாரம்?"

5

பணியாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு. பார்சலில் இவர் எழுதியிருந்த எங்கள் எண்ணைப் பார்த்து, அந்தச் சிறிய நகரத்துத் தபால் நிலையத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். டாலிமனுக்குத் தபால் வந்து தான் பார்த்ததே இல்லை என்றாள். தன் தாயும் பார்த்திருக்க மாட்டாள் என்றாள். அதை அனுப்பியவரோடு பேச ஆசையாக இருந்ததாம். கட்டடம் முழுக்க மிளகாய் மணக்கிறது, எல்லோருக்கும் பசிக்கிறது என்றும் சொன்னாள்.

நான் மன்னிப்புக் கேட்டு விவரம் சொன்னேன். அதற்கென்ன, என்றாள். தபால் வண்டி அந்தப் பக்கம் போகாது, ஆனால் மிசிஸ் ஹாப்வுட் வியாழக்கிழமை சாமான் வாங்க இறங்கி வருவா, அவவுடைய மாடுகள் மேய்கிற இடத்தில்தான் அந்த முகாம், அவவிடம் கொடுத்துவிடுகிறேன் என்றாள்.

ஹாப்வுட்! நல்ல கோப்பி, கெட்ட நாய்.

இவரிடம் சொன்னதும் முகத்தில் உயிர் வந்தது. "ஆளிட்டக் குடுத்து விடினமோ? அப்ப அவையளும் எங்கட ஆக்கள் மாதிரித்தான்" என்றார். கனடாத் தபால் முறையில் இவருக்கு முதல் முறையாக நம்பிக்கை பிறந்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அபி மேட்டில் ஏறினாள். குரலிலேயே சிரிப்பு.

"மிசிஸ் ஹாப்வுட் குதிரையில கொண்டு வந்தவ அம்மா! வடையைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டவ. அவவுக்கு எழுபது வயசு, தனிய இருக்கிறா. நேத்து அங்க போனனான், இனிச் சனிக்கிழமையில போவன்."

"நாய் இருக்கே?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? பொல்லாத நாய்! என்னைச் சப்பாத்தோட கவ்விப் போட்டுது. அவ சொல்லுறா, அந்த வீட்டில நெடுக இப்பிடித்தான் ஒரு நாய் இருந்ததாம்." காற்று இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினாள். "அம்மா, குளிருக்கு மேல் அறையைத் தாறன் எண்டு சொல்லுறா. நான் நிக்கப் போறன். ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

பிள்ளை திரும்பி வரட்டும் என்று அனுப்பிய பலகாரம், பிள்ளைக்கு அங்கேயே ஒரு வீடு பிடித்துக் கொடுத்துவிட்டது. இவர் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். தக்காளி செத்துப் பல நாள்.

6

நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. தேர், தீர்த்தம் முடியும்வரை முட்டைகூடப் படி ஏறாது. பியர்பொன்ட்ஸில் இருந்தால் என்ன, கொடி கொடிதானே. அப்படியான ஒரு வெள்ளிக்கிழமை, குளித்து விபூதி பூசி இவர் வெளியே வர, தபால்காரர் கதவைத் தட்டினார். எங்கள் பிஸ்கட் டின். அதே டின். ஆனால் பாரமாக இருந்தது.

இவர் ஆவலாகத் திறந்தார். உள்ளே மெழுகுத் தாளில் சுற்றி, கறுப்பாக, நீட்டு நீட்டாக அடுக்கியிருந்தது. மணத்திலேயே விளங்கிவிட்டது. மிசிஸ் ஹாப்வுட் தன் சொந்த மாட்டை வெட்டி, தன் கையாலே புகை போட்டுக் காயவைத்த இறைச்சி.

"முருகா!" என்று இவர் டின்னை மேசையில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார். பிறகு மீண்டும் குளிக்கப் போனார்.

ஞாயிறு வந்ததும் போனை இவர்தான் எடுத்தார். "பிள்ளை, கொடி ஏறியிருக்கு! மாட்டிறைச்சி அனுப்பியிருக்கு! ஆர் அனுப்பச் சொன்னது?"

"ஐயோ! நல்லூரோ? நான் மறந்திட்டன் அப்பா, சொறி." உண்மையிலேயே பதறினாள். "நான் ரின்னைக் கழுவி வைச்சிட்டு, இதை வெறுமையாத் திருப்பி அனுப்பேலாது, எங்கட ஆக்கள் வெறும் பாத்திரம் திருப்பிக் குடுக்க மாட்டினம், கொஞ்சம் சீனி போடுவம் எண்டு அவவிட்டக் கேட்டனான். அவ சொன்னா, சீனியோ, இது என்ர வீட்டிலயிருந்து போற ரின் எண்டு. அவவின்ர வீட்டில நல்ல சாமான் அதுதானே அப்பா."

இவர் போனை என்னிடம் நீட்டினார். பாதி வழியில் சீனியைத் தின்று வளர்ந்தவள். இத்தனை வருடம் எங்கள் வாயால் அவளுக்குப் போகாதது, ஒரு மலை உச்சியில் அவள் வாயால் இன்னொருவருக்குப் போயிருக்கிறது. எங்கட ஆக்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவள் வீட்டுக்கு வரவில்லை, வரப்போவதும் இல்லை, இந்தக் குளிருக்கு. ஆனாலும் அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இறைச்சியைக் குப்பையில் போட இவர் விடவில்லை. தந்த சாப்பாடு, எறியக் கூடாது. அதை நான் லவாலுக்குக் கொண்டுபோனேன். ஜோசே இரண்டு நாளில் முடித்துவிட்டு, இது எந்தக் கடை என்று கேட்டாள். நல்ல கோப்பியும் கெட்ட நாயும் உள்ள வீடு என்றேன். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாள், பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தாள்.

டின் காலியாகிவிட்டது. வேறொருவர் வீட்டுச் சாப்பாடு வந்த டின். இனி அது இந்த வீட்டில் வெறுமையாக இருக்க முடியாது. இன்று காலை இவர் அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, உளுந்து ஊறப்போட்டார். பிறகு பிரிட்ஜ் கதவிலிருந்து படத்தைக் கழற்றி மடித்தார்.

"ஜோசேயிட்டக் கேட்டுப் புது மப் ஒண்டு கொண்டு வாரும். இந்த முறை ஓரம் வெட்ட மாட்டன்."

"புதுசில ஒண்டும் இல்லையப்பா" என்றேன். "போஸ்ட் ஒஃபிஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, சேர்ச் இல்லை. மலை மலையாக் கோடு. அந்த ஹாப்வுட் வீடு மட்டும் ஒரு சின்னச் சதுரமா இருக்கு."

அவர் டின் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஒரு வீடு இருக்கெல்லே? அது போதும்."